இறால் தலையும் கறுக்கிறது, சல்பைட் அளவும் கூடிப்போகிறது: மெட்டா பவுடரில் எங்கே தப்பு?

தொண்டிக்கரை

வணக்கம். விசைப்படகு இறால் பற்றிய கேள்வி. ஒரு ராத்திரித் தங்கல். முதல் மடி (இழுவலை) வாங்கியதிலிருந்து கரை சேர 16 முதல் 18 மணி நேரம் ஆகிறது. இறால் 30, 40 கவுண்ட் (கிலோவுக்கு அத்தனை எண்ணம்), தலையோடுதான் கொடுக்கிறோம்.

இப்போது செய்யும் முறை: 50 லிட்டர் டிரம்மில் கடல் தண்ணீர், அதில் இறால் கறுக்காமல் இருக்கப் போடும் மெட்டா பவுடர், அதாவது சோடியம் மெட்டாபைசல்பைட், நாலு கை. கூடையோடு முக்கி எடுத்து ஐஸ் போட்டு அடுக்குவோம். மேலே கொஞ்சம் பவுடரைத் தூவியும் விடுவோம்.

ஜூன் 15க்குப் பிறகு நடந்தது இதுதான். தடைக்காலத்துக்கு முன்னால் பிரித்த மூட்டை பாதி மீதி இருந்தது. அதைப் போட்ட நாளெல்லாம் காலையில் பெட்டியைத் திறந்தால் மேல் அடுக்கில் தலை ஓரமும் வால் நுனியும் கறுத்திருந்தது. அதனால் ஆறு, ஏழு கை ஆக்கினோம். அப்புறம் புது மூட்டை வந்தது, அதிலும் அதே ஆறு, ஏழு கை. இப்போது வாங்குகிற கம்பெனி ஆய்வில் சல்பைட் 180 பிபிஎம் (கிலோவுக்கு 180 மி.கி.) வந்ததாகச் சொல்லி விலையைக் குறைத்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சரக்கிலும் கறுப்பு இருந்தது.

கேள்வி: பவுடர் அதிகமானால் கறுக்கக் கூடாதே, எப்படி இரண்டும் சேர்ந்து வரும்? கூடவே எலுமிச்சை அல்லது சிட்ரிக் சேர்த்தால் வேகமாகப் பிடிக்கும் என்கிறார்கள், சேர்க்கலாமா?

ஆய்வுமேசை

இரண்டும் சேர்ந்து வரும், நிறையவே வரும். பவுடர் கூடியதா குறைந்ததா என்பதை விட, எந்த இறாலுக்கு, எந்த நேரத்தில், என்ன வடிவத்தில் போய்ச் சேர்ந்தது என்பதுதான் விஷயம்.

முதலில் வடிவம். கந்தகமும் ஆக்சிஜனும் சேரும் கூட்டுப்பொருள்களில் உங்களுக்கு வேண்டிய இரண்டு: சல்பைட், சல்பேட். சல்பைட்டில் கந்தகத்தின் ஆக்சிஜனேற்ற எண் +4, சல்பேட்டில் +6. சல்பைட்டுக்கு இன்னும் ஆக்சிஜன் பசி தீரவில்லை, அதனால்தான் அது வேலை செய்கிறது. சல்பேட்டாகிவிட்டால் பசி தீர்ந்தது, அதற்கப்புறம் அது கடல் உப்பில் ஏற்கெனவே இருக்கும் பொருள்தான். கடல் தண்ணீரில் லிட்டருக்கு 2.7 கிராம் சல்பேட் இயல்பாகவே உண்டு. வாலிநோக்கம் உப்பளப் பாத்திகளில் உப்பு விளைவதற்கு முன்னால் படியும் ஜிப்சம் அதே சல்பேட்தான். அது எந்த இறாலையும் காப்பாற்றாது.

மெட்டாபைசல்பைட் தண்ணீரில் விழுந்தவுடன் பைசல்பைட்டாக உடைகிறது. சுத்தமான பவுடரில் எடைக்கு 67.4 சதவீதம் கந்தக டைஆக்சைடு அடங்கியிருக்கும். சந்தையில் கிடைக்கும் நல்ல உணவுத்தரப் பவுடரில் 64க்கு மேல் இருக்க வேண்டும். மூட்டையைப் பிரித்து, கடற்கரை ஈரக்காற்றில் இரண்டு மாதம் வைத்தால் கட்டி தட்டும். ஒரு பங்கு வாயுவாகப் போகும், இன்னொரு பங்கு ஆக்சிஜனைப் பிடித்துச் சல்பேட்டாகும். எடை ஏறக்குறைய அப்படியே இருக்கும், கையில் அள்ளினால் வித்தியாசமே தெரியாது. பழைய மூட்டையில் நாலு கை போதாமல் போனதும், புது மூட்டையில் ஏழு கை எல்லை தாண்டியதும் இதனால்தான்.

அடுத்தது நேரம். இறால் கறுப்பது அழுகல் இல்லை, கிருமி வேலையும் இல்லை. இறாலின் உடம்பிலேயே இருக்கும், செம்பு அணு கொண்ட ஒரு நொதி, ஆக்சிஜனை எடுத்து டைரோசின் என்ற அமினோ அமிலத்தைக் குயினோனாக மாற்றுகிறது. குயினோன்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மெலனின் ஆகின்றன, அதுதான் கறுப்பு. அந்த நொதியைத் தட்டி எழுப்பும் செரிமானச் சாறு தலையில் இருப்பதால் தலைதான் முதலில் கறுக்கும். சல்பைட் நொதியையும் முடக்கும், உருவாகிவரும் குயினோனையும் பிடித்து நிறமில்லாத பொருளாக்கும். ஆனால் மெலனினாகக் கோத்து முடிந்ததை அவிழ்க்காது. மடி கொட்டி, தரம் பிரித்து, வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்த இறாலை எவ்வளவு பவுடரில் முக்கினாலும் வந்த கறுப்பு போகாது, சதைக்குள் எச்சம் மட்டும் ஏறும்.

மூன்றாவது, மேலே தூவுவது. தூவியது ஐஸ் உருகும் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். மேல் அடுக்கு கழுவப்பட்டு வெறுமையாகும், காற்றும் அங்கேதான் படும், அதனால் கறுக்கும். அடி அடுக்கில் அந்தக் கரைசல் ஊறிக் கிடக்கும். நீங்கள் மேல் அடுக்கில் கறுப்பு என்று எழுதியதைப் பார்த்தவுடனே அதுதான் தோன்றியது. ஆய்வகம் பல இறாலின் சதையைச் சேர்த்து அரைத்துச் சராசரிதான் பார்க்கும். மேலே 40, அடியில் 320 இருந்தாலும் அறிக்கையில் 180 வரும்.

அறிக்கை பற்றி ஒரு வரி. ஆய்வகத்தில் இறால் சதையை அமிலத்தோடு காய்ச்சி, வெளிவரும் கந்தக டைஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடில் பிடித்துக் கந்தக அமிலமாக்கி, சோடியம் ஹைட்ராக்சைடால் அளப்பார்கள். சல்பேட் அதில் ஆவியாகாது, கணக்கில் வராது. ஆகவே 180 என்பது உயிருள்ள சல்பைட், செத்த பவுடர் இல்லை.

கோடெக்ஸ் (சர்வதேச உணவுத்தர அமைப்பு) எல்லை: பச்சை இறாலின் உண்ணும் பகுதியில் கிலோவுக்கு 100 மி.கி., வேகவைத்ததில் 30. ஐரோப்பிய ஒன்றியத்தில், கிலோவுக்கு 80 எண்ணம் வரையுள்ள பினெய்டு வகை இறாலுக்கு 150. அமெரிக்காவில் 10 பிபிஎம் இருந்தாலே உறையில் எழுத வேண்டும். உங்கள் சரக்கு எங்கே போகிறது என்று கம்பெனியிடம் கேட்டு, அதற்கேற்ற எல்லையை வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபம் தளம்

மேலே சொன்னது காரணம், நான் தளத்தில் செய்ய வேண்டியதை எழுதுகிறேன். முதல் வேலை, கையளவை நிறுத்துங்கள் அண்ணே. ஒரு சின்னத் தராசு வாங்கி, கரையிலேயே பவுடரை எடைபோட்டு, ஒரு டிரம்முக்கு ஒரு பொட்டலம் என்று காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். கடலில் தராசு ஆடும், அங்கே நிறுக்க முடியாது.

வழக்கமான அளவு 1.25 சதவீதம், ஒரு நிமிடம். 50 லிட்டருக்கு 625 கிராம். 100 லிட்டருக்கு ஒண்ணேகால் கிலோ.

டிரம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். துருப்பிடித்த இரும்பு டிரம், செம்புக் குழாய் எதுவும் வேண்டாம், இரும்பும் செம்பும் சல்பைட்டைச் சீக்கிரம் சல்பேட்டாக்கும். சுத்தமான கடல் தண்ணீர் போதும், துறைமுகத்துக்குள் இருக்கும் டீசல் மிதக்கிற தண்ணீர் கூடாது. கடல் தண்ணீரின் காரத்தன்மை இந்த அளவுப் பவுடருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை, அதனால் நல்ல தண்ணீர்தான் வேண்டும் என்பது தேவையில்லாத செலவு. முதலில் ஐஸ் போட்டுத் தண்ணீரைக் குளிரவைத்து, 50 லிட்டர் கோட்டுக்குக் கொண்டுவந்து, அப்புறம் பவுடர். கரைசலில் பிறகு ஐஸ் கொட்டினால் உருகி அடர்த்தி இறங்கும்.

பவுடரைத் தண்ணீரில் போடுங்கள், பவுடர் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று, கையுறை, கண்ணாடி போட்டு, மெதுவாகக் கிளறிக் கரைக்க வேண்டும். நுரை வரக் கலக்கினால் ஆக்சிஜனை நாமே உள்ளே அடிக்கிறோம்.

மடி கொட்டியதும் இறாலைப் பொறுக்கி முதலில் கடல் தண்ணீரில் அலசுங்கள். சேறும் குஞ்சு நண்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் கரைசல் அதிலேயே செலவாகும். அலசி வடிந்த இறால் 10 கிலோவுக்கு மேல் போகாமல் துளைக்கூடையில் போட்டு முக்கி, இரண்டு தடவை அசைத்து, ஒரு நிமிடத்தில் தூக்க வேண்டும். கைபேசியில் நேரம் வையுங்கள். ‘இன்னும் கொஞ்சம் ஊறட்டும்’ என்று அஞ்சு நிமிடம் விடுவதுதான் எச்சம் ஏறும் முதல் வழி.

இரண்டாம் வழி வடிக்காமல் அடுக்குவது. இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.25 சதவீதக் கரைசலில் லிட்டருக்கு சுமார் 8.4 கிராம் கந்தக டைஆக்சைடு இருக்கிறது. ஒரு கிலோ இறாலில் 10 கிராம் கரைசல் ஒட்டி வந்தால் 84 மில்லிகிராம். 30 கிராம் ஒட்டி வந்தால் 250. ஓட்டோடு சேர்த்த கணக்கு இது, சதைக்கு அதில் ஒரு பகுதிதான் போகும். ஆனாலும் கூடையைச் சாய்த்து இரண்டு நிமிடம் வடிப்பதில்தான் எல்லைக்குள் நிற்பதும் தாண்டுவதும் இருக்கிறது.

பிறகு அடியில் ஐஸ், இறால், ஐஸ், இறால், மேலே கனமாக ஐஸ். இறாலும் ஐஸும் எடைக்கு எடை. பெட்டியில் அடி ஓட்டை திறந்திருக்க வேண்டும். மேலே பவுடர் தூவுவதை அடியோடு விட்டுவிடுங்கள்.

கரைசல் எத்தனை கூடைக்குத் தாங்கும் என்று கண்ணால் சொல்ல முடியாது. ஒவ்வொரு கூடையும் கொஞ்சம் கடல் தண்ணீரைக் கொண்டுவருகிறது, கொஞ்சம் கரைசலை எடுத்துப்போகிறது. 50 லிட்டரில் 100 கிலோ ஆனதும் ஒரு தடவை சோதியுங்கள். நேற்றுக் கலக்கியதை இன்று தொடக் கூடாது.

தொண்டிக்கரை

நன்றி அண்ணே. தூவுவதை இன்றோடு நிறுத்திவிட்டோம். சோதிப்பது எப்படி? படகில் ஆய்வகச் சாமான் எதுவும் கிடையாது. எலுமிச்சைக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. இன்னொன்று, மழை, காற்று நேரத்தில் டிரம்மை ஐஸ் அறைக்குள் இறக்கிக் கலக்குகிறோம், அது பரவாயில்லையா?

ஆய்வுமேசை

ஐஸ் அறைக்குள் கலக்குவதை இன்றே நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கந்தக டைஆக்சைடு காற்றைப் போல இரண்டேகால் மடங்கு கனம். ஐஸ் அறையில் விட்டால் மேலே வராது, தரையோடு படுத்துக் கிடக்கும். குனிந்து பெட்டி அடுக்குகிறவர் மூக்கு அங்கேதான் இருக்கும். ஒரு கிலோ பவுடர் முழுக்க வாயுவானால் சுமார் 260 லிட்டர். அதில் நூறில் ஒரு பங்கு மட்டும், 10 கன மீட்டர் அறையில் பரவினால்கூட 260 பிபிஎம். 100 பிபிஎம் என்பதே உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்த அளவு. ஆஸ்துமா உள்ளவருக்கு அதில் மிகச் சிறு பங்கே மூச்சை அடைத்துவிடும். அதோடு, தரையில் சிந்திய கரைசல் அறைக் காற்றிலிருந்த ஆக்சிஜனையும் தின்னும்.

வாடையை நம்பி இறங்காதீர்கள். கந்தக டைஆக்சைடு பட்டாசுப் புகை போலக் குத்தும். அடித்தண்ணீரில் அழுகிய இறாலிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு முட்டை நாற்றம் அடிக்கும், ஆனால் அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போக வைத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்றால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே ஒருவர் விழுந்தால் பின்னாலேயே இன்னொருவர் குதிக்கக் கூடாது. மூடியை முழுக்கத் திறந்து, காற்றடித்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஆள் பிடித்துக்கொண்டால்தான் இறங்க வேண்டும்.

இப்போது எலுமிச்சை. 1.25 சதவீதக் கரைசலின் பிஎச் (இந்த எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) ஏறக்குறைய 4.5. அங்கே கந்தகம் கிட்டத்தட்ட முழுக்கப் பைசல்பைட்டாகத் தண்ணீரில் இருக்கும். வாயுவாகப் பறக்கத் தயாராக இருப்பது 500இல் ஒரு பங்குதான். பிஎச் 3க்கு இறங்கினால் அது 100இல் 6 ஆகிறது, முப்பது மடங்கு. நாலு எலுமிச்சம்பழம் 50 லிட்டரில் பெரிதாக ஒன்றும் செய்யாது, பழம்தான் வீண். சிட்ரிக் அமிலப் பவுடர் கால் கிலோ போட்டால் பிஎச் 3 பக்கம் போய்விடும். ‘வேகமாகப் பிடிக்கிறது’ என்று தோன்றுவது முகத்தில் அடிக்கும் வாயுவால். அந்த வாயு இறாலுக்குப் போக வேண்டிய பவுடர்தான். வினிகர், சிட்ரிக், பேட்டரி அமிலம் எதுவும் பக்கத்திலேயே வேண்டாம். ப்ளீச்சிங் பவுடரும் அப்படித்தான். குளோரின் சல்பைட்டை நொடியில் சல்பேட்டாக்கும், இரண்டும் வீணாகும். காய்ந்த பவுடர்கள் ஈரத்தில் கலந்தால் சூடாகி விஷவாயு கிளம்பும். பெட்டி, தளம் கழுவும் ப்ளீச்சிங் பவுடர் வேறு இடத்தில் இருக்கட்டும்.

சோதனைக்கு மருந்துக்கடைச் சாமான் போதும். போவிடோன் அயோடின் 5 சதவீதக் கரைசல், அதில் கிடைக்கும் அயோடின் 0.5 சதவீதம். சல்பைட் அயோடினை நிறமிழக்கச் செய்து தானே சல்பேட்டாகும். ஆய்வகத்தில் பெராக்சைடு செய்ததை இங்கே அயோடின் செய்கிறது.

ஊசி இல்லாத சிரிஞ்சில் டிரம்மிலிருந்து சரியாக 1 மில்லி எடுத்து, ஒரு கண்ணாடி டம்ளரில் அரை டம்ளர் நல்ல தண்ணீரில் விடுங்கள். ஆறிய சோற்றுக் கஞ்சித் தண்ணீர் ஒரு ஸ்பூன் சேருங்கள். இன்னொரு சிரிஞ்சால் அயோடினைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சுழற்றுங்கள். பழுப்பு நிறம் விழுந்தவுடன் மறையும், விழும், மறையும். ஒரு கட்டத்தில் டம்ளர் முழுக்கக் கருநீலமாகி அப்படியே நிற்கும். அதுவரை எத்தனை மில்லி போனது என்று பாருங்கள். புதிதாகக் கலக்கிய 1.25 சதவீதத்துக்குச் சுமார் 6.7 மில்லி போகும். 5.4இல் நின்றால் 1 சதவீதம், கரைசலை மாற்றும் நேரம். 4இல் நின்றால் முக்கால் சதவீதம், அதில் முக்கியும் பயனில்லை. இறால் சாறும் கொஞ்சம் அயோடினைக் குடிக்கும், அதனால் இது தோராயம்தான். ஆனால் ‘நாலு கை’யை விட நூறு மடங்கு மேல்.

பழைய மூட்டையையும் இப்படியே பார்க்கலாம். கரையில் தராசில் 12.5 கிராம் எடுத்து ஒரு லிட்டராகக் கரைத்து, அதில் 1 மில்லி. 6.7க்குப் பதில் 3.5 வந்தால் பாதிப் பவுடர் செத்துவிட்டது. அளவைக் கூட்டிப் போட்டுச் சமாளிக்க நினைக்காதீர்கள், கட்டிக்குக் கட்டி பலம் மாறும். பேரியம் குளோரைடு போட்டுச் சல்பேட் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், வாலைவடி நீரில் மட்டும் செய்யுங்கள். கடல் தண்ணீரில் எப்போதும் வெள்ளை வீழ்படிவு வரும்.

வெனாமி குளம்

எல்லோரும் முக்குவதைப் பற்றியே எழுதுகிறீர்கள். முக்கி முடித்த தண்ணீர் எங்கே போகிறது? கரையில் இறால் பிரிக்கும் இடங்களில் இதை அப்படியே கால்வாயில் கொட்டுகிறார்கள். அந்தக் கால்வாயிலிருந்துதான் பண்ணைகள் தண்ணீர் ஏற்றுகின்றன.

ஒரு கிலோ மெட்டாபைசல்பைட் முழுக்கச் சல்பேட்டாக 168 கிராம் ஆக்சிஜன் வேண்டும். லிட்டருக்கு 6 மில்லிகிராம் ஆக்சிஜன் உள்ள தண்ணீரில் அது 28,000 லிட்டரின் ஆக்சிஜன் முழுவதும். ஒண்ணேகால் கிலோ போட்ட ஒரே ஒரு 100 லிட்டர் டிரம், 35,000 லிட்டரை மூச்சு முட்ட வைக்கும். திறந்த கடலில் கரைந்து போகும். ஓட்டம் இல்லாத கழியிலும், பாக் நீரிணைப் பக்கத்து முழங்கால் ஆழத் தண்ணீரிலும், குளத்து வாய்க்காலிலும் மீன் செத்து மிதக்கும்.

கரையில் செய்யக்கூடியது இது. திறந்த வெளியில் பெரிய தொட்டியில் ஊற்றி, 100 லிட்டருக்கு 700 கிராம் நீரற்ற சலவைச் சோடாவை (சோடியம் கார்பனேட்) கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் பொங்கி வாயு கிளம்பும். பிஎச் 8 பக்கம் வந்தால் வாயுவாகப் பறப்பது நிற்கும், ஆக்சிஜனைப் பிடிக்கும் வேகமும் கூடும். பிறகு குளத்துக்குப் போடும் காற்றுக்குழாயை உள்ளே விட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். காலையில் ஒரு டம்ளரில் எடுத்து ஒரு சொட்டு அயோடின். பழுப்பு மறையாமல் நின்றால் சல்பைட் தீர்ந்தது. இங்கே சுண்ணாம்பைவிடச் சோடாவே நல்லது. சுண்ணாம்பு போட்டால் கால்சியம் சல்பைட் அடியில் வண்டலாகப் படிந்துவிடும், காற்று அதை எளிதில் தொடாது.

தொண்டிக்கரை

பழைய மூட்டையைச் சோதித்தோம், 2.9 மில்லியில் நின்றுவிட்டது. புதுசு 6.5. கந்தகமே இல்லாத மருந்து ஒன்று இருக்கிறதாமே, அதற்கு மாறலாமா?

மண்டபம் தளம்

4-ஹெக்ஸைல்ரிசார்சினால். அது நொதியை நேராகப் பூட்டுகிறது. 50 பிபிஎம் கரைசல், அதாவது 100 லிட்டருக்கு வெறும் 5 கிராம், 2 நிமிடம். ஐரோப்பாவில் இறால் சதையில் எச்ச எல்லை கிலோவுக்கு 2 மி.கி. தனிப் பொடி தண்ணீரில் லேசில் கரையாது, அதனால் உப்போடு கலந்து விற்கும் பொட்டலம்தான் சரி. ஆஸ்துமா பயம் இல்லை, ஐஸ் அறையில் வாயு இல்லை. விலை அதிகம். வாங்குகிற கம்பெனி ஒப்புக்கொள்கிறதா என்று எழுத்தில் கேட்டுவிட்டு மாறுங்கள், இரண்டையும் ஒரே டிரம்மில் கலக்காதீர்கள்.

அதுவரை: 2.9 மில்லி மூட்டையைக் கடலில் வீசாமல், வெனாமி குளம் அண்ணன் சொன்ன மாதிரி கரையில் சோடா போட்டு அடக்குங்கள். புது மூட்டை 625 கிராம், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் வடிப்பு. அடுத்த ஆய்வு அறிக்கை வந்ததும் மேல் அடுக்கு, அடி அடுக்கு இரண்டுக்கும் தனித்தனி எண் கேட்டு இங்கே போடுங்கள்.

ஆய்வுமேசை

புது மூட்டை 6.5 என்றால் பவுடர் நன்றாகவே இருக்கிறது. அதையும் பிரித்த அன்றே பொட்டலம் கட்டிவிடுங்கள், மூட்டை வாயைச் சுருட்டி வைப்பது போதாது.